புது வண்டிக்கு மெழுகு பூசினேன்

கண்டிக் கடைவீதியில் எனக்கு ஒரு சாக்குக் கடை இருந்தது. மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலம் அது. கோப்பிக்குச் சாக்கு வேண்டும், சாக்கு தைக்கக் கயிறு வேண்டும், தோட்டத்துப் பங்களாக்களுக்கு லாந்தரும் மெழுகுதிரியும் வேண்டும். எல்லாம் என்னிடம் இருந்தன. என் கடை ஒரு நாள் மூடிக் கிடந்தால் ரயில் வெறும் பெட்டியோடு கொழும்புக்குத் திரும்பிப் போகும் என்று நான் மனதார நம்பினேன். எதிர்ச் சாரியில் இருந்த சாக்குக் கடைக்காரரும் தன்னைப் பற்றி அதையேதான் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தத் திமிரில்தான் குதிரை வண்டி வாங்கினேன். எங்கள் தெருவில் அதுவரை யாரிடமும் கிடையாது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. நான்கு பேர் உட்காரலாம், பின்பக்கம் மடக்கி விரிக்கிற கூடு, பிரம்பு பின்னிய இருக்கை. நிறம் கரும்பச்சை, ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு மஞ்சள் கோடு. குதிரை மட்டும் பழசு. ஊருக்குப் போன துரை ஒருவர் விட்டுவிட்டுப் போனது. அதற்கு நடக்கத் தெரியும், நிற்கத் தெரியும், இரண்டுக்கும் நடுவே வேறு எதுவும் தெரியாது. குதிரையை யார் பார்க்கப் போகிறார்கள், வண்டியைத்தானே பார்ப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வண்டியை ஒப்படைக்கும்போது பட்டறை மேஸ்திரி, பாஸ் என்று கூப்பிடுவோம், என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். அவர் சொன்னதைக் கேட்டால் வண்டி விற்கிற ஆள் மாதிரியே இருக்காது.

"வர்ணம் மேல மட்டும் காஞ்சிருக்கு. உள்ள இன்னும் பச்சை. ஒரு வாரம் வெயில் வேணாம், மழை வேணாம், கை வேணாம்."

"கை வைக்காம எப்படி பாஸ் ஓட்டுறது?"

"ஓட்ட வேணாம்" என்றார் அவர்.

பிறகு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். தினமும் காலையில் நிழலில் நிறுத்திப் பச்சைத் தண்ணீரை மேலிருந்து ஊற்ற வேண்டும்; தேய்க்கக் கூடாது. தேய்த்தால் தூசியே வர்ணத்தைக் கீறிவிடும். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சரியாக ஒரு வாரம் கழித்துத் தேன்மெழுகை டர்பன்டைன் எண்ணெயில் கரைத்துப் பூச வேண்டும். கண்டி மழைக்கும் ஏரியிலிருந்து எழும் பனிக்கும் மெழுகு போடாத வண்டி இரண்டே வருஷத்தில் பூஞ்சணம் பிடித்துப் போகும் என்றார். மெழுகை நெருப்பில் நேராக வைக்காதே, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கு. எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஊற்று, இல்லையென்றால் மீசை போய்விடும் என்றும் சொன்னார். நான் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

அதன் பிறகு நான் வண்டிக்காரனாக இல்லை, வண்டிக்குத் தாதியாக இருந்தேன். விடிந்ததும் வண்டியைக் குளிப்பாட்டுவேன். என் மனைவியின் பழைய நூல் சேலையைக் கிழித்து ஒற்றுவேன். காகம் உட்கார வந்தால் கத்துவேன். வழியில் போகிறவர்கள் ஆசையாகத் தொட வந்தாலும் கத்துவேன். வேட்டி முனையால் வண்டியைத் துடைக்க வந்த ஒரு கங்காணியிடம் நான் பேசிய பேச்சுக்கு அவர் அந்த வருஷம் முழுவதும் எதிர்க் கடையில்தான் சாக்கு வாங்கினார்.

"என்னக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல கூட நீங்க இப்படிப் பாத்துக்கல" என்றாள் என் மனைவி.

"நீ மழையில நனைஞ்சா வெடிச்சுப் போக மாட்டியே" என்றேன். அன்று இரவு சோற்றில் உப்பு இல்லை.

ஒரு வாரம் முடிந்ததும் மெழுகு பூசினேன். ஹுன்னஸ்கிரியக் காட்டிலிருந்து தேன் கொண்டுவருகிறவரிடம் ஒரு பந்து மெழுகு வாங்கி வைத்திருந்தேன். பாஸ் சொன்னபடியே உருக்கி, எண்ணெய் கலந்து, ஆறவைத்தேன். துணியில் துளி எடுத்து, பூசியதே தெரியாத அளவுக்கு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அது வெள்ளையாகப் படலம் கட்டும். அப்போது வேறு துணியால் துடைத்துத் தேய்த்தால் உள்ளேயிருந்து பச்சை எழுந்து வரும். கதவுப் பலகையில் என் முகம் தெரிந்தது. மீசை தெரிந்தது. பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட என் மனைவியும் தெரிந்தாள்.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். ராத்திரிப் பனி படுமே என்று மூடி வைக்க நினைத்தேன். சாக்குக் கடைக்காரன் எதைக் கொண்டு மூடுவான்? புத்தம் புதுச் சாக்கு இருபது எடுத்துத் தைத்து, வண்டிக்கு மேலிருந்து கீழ் வரை சட்டை போட்டுவிட்டேன். காலையில் உரித்துப் பார்த்தால் வண்டிக்கு மயிர் முளைத்திருந்தது. சணல் நார் அத்தனையும் மெழுகில் ஒட்டி, கரும்பச்சை வண்டி கரடிக் குட்டி போல நின்றது. பாஸைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்து, முடியாமல் கீழே உட்கார்ந்துவிட்டார். எழுந்தவர், டர்பன்டைன் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து மறுபடியும் முதலிலிருந்து பூசு என்று சொல்லிவிட்டு, பட்டறை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்.

துடைத்து எடுத்தேன். மறுபடியும் பூசினேன். முன்பலகைக்கும் ஒரு கதவுக்கும் வந்ததோடு மெழுகு தீர்ந்துவிட்டது. தேன்காரர் அடுத்த மாதம்தான் காட்டிலிருந்து இறங்குவார். போகட்டும், அவசரம் என்ன என்று இருந்தேன். அன்று மத்தியானம்தான் கடிதம் வந்தது.

கடிதம் என் மாமனாருடையது. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பில் இருந்தார். பரம சைவம், வெங்காயத்தையே சந்தேகமாகப் பார்க்கிற வீடு. நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். அவர் மகள் என்னைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, "அந்த மீன் வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கே வரவில்லை. என் மனைவிக்குத் தாய் இல்லை. ஐந்து வருஷம் ஒவ்வொரு தீபாவளிக்கும் தகப்பனுக்குக் கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அதை எழுதியிருந்தாள். அதற்குத்தான் பதில் வந்திருந்தது. நாளை மறுநாள் மத்தியான ரயிலில் வருகிறேன், வளைகாப்புக்காக என் அக்காவையும் அழைத்து வருகிறேன், முழங்கால் வலி இருப்பதால் மாப்பிள்ளை புது வண்டி வாங்கியிருப்பதாக நீ எழுதியது சந்தோஷம். இவ்வளவுதான் கடிதம்.

என் மனைவி அதை நின்றுகொண்டே பத்துத் தரம் படித்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. என்னை அழவைக்கிறவள்தான் அவள். "அப்பா வந்து ஒரு வாய் தண்ணி இந்த வீட்டுல குடிச்சிட்டாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். அந்த மனிதருக்காக ஒரு குறையும் இல்லாமல் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் முதலில் ஞாபகத்துக்கு வந்தது பாதி மெழுகோடு நிற்கிற வண்டிதான்.

தேன்மெழுகு இல்லை. ஆனால் கடையில் பெட்டி பெட்டியாக மெழுகுதிரி இருந்தது. பங்களாக்களில் சமையல்கட்டுக்கும் குதிரை லாயத்துக்கும் வாங்கிப் போகிற மலிவுத் திரி, மஞ்சளாக இருக்கும். அதுவும் மெழுகுதானே? ஒரு பெட்டியை உடைத்து, நூலை உருவிப் போட்டு, உருக்கி, தாராளமாக டர்பன்டைன் ஊற்றிக் கலந்தேன். என்ன வழவழப்பு! தேன்மெழுகு கையை இழுத்துப் பிடிக்கும், இது வெண்ணெய் மாதிரி ஓடியது. மயிரிழை அளவு போதும் என்று பாஸ் சொன்னது மறந்து, பலகைக்கும் சக்கரத்துக்கும் ஆரக்காலுக்கும் ஏறும் படிக்கும் வாரி வாரிப் பூசினேன். பிரம்பு இருக்கைக்குக் கூட ஒரு பூச்சு. அன்று மாலை வெளிச்சத்தில் வண்டி மின்னியது பாருங்கள், தேன்காரரையும் பாஸையும் சேர்த்து ஏளனமாக நினைத்தேன்.

"என்னமோ வாடை வருதுங்க" என்றாள் என் மனைவி.

"டர்பன்டைன். உனக்கு இந்த மாசத்துல எல்லாமே வாடைதான்."

மறுநாள் முழுவதும் வண்டி உள்ளே நிழலில் நின்றது. மாமனார் வருகிற அன்று காலையில்தான் வெளியே வெயிலில் நிறுத்தினேன். டர்பன்டைன் வாசம் வெயிலில் பறந்து போகும் என்பது என் எண்ணம். பறந்துதான் போயிற்று. அதற்கு அடியில் இருந்தது எழுந்து வந்தது.

என் பக்கத்துக் கடைக்காரர் முஸ்லிம், துணி வியாபாரம். அண்ணன் முறையாக நானா என்று கூப்பிடுவேன். மாமனார் வரப் போகிற சங்கதி தெரிந்து வண்டியைப் பார்க்க எங்கள் வீடு வரை ஏறி வந்தவர், இரண்டு சுற்றுச் சுற்றினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, இதுக்கு என்னத்தப் பூசின? எங்கட கந்தூரி இறைச்சிச் சோத்து வாசம் வருதே."

"மெழுகுதிரி நானா."

"எந்தத் திரி? அந்த மஞ்சள் திரியா?" அவர் கண்ணை மூடித் திறந்தார். "அது மெழுகில்ல தம்பி. மாட்டுக் கொழுப்பு. அந்த மலிவுத் திரியெல்லாம் அதுலதான் வார்க்கிறது. நீதானே விக்கிற, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. விற்றேன், வாங்கினார்கள். எரிந்த பிறகு நாறுவது துரைமார் பாடு என்று இருந்துவிட்டேன். நானாவின் முகத்தில் சிரிப்பும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. "எனக்கெண்டால் ஒண்ணும் இல்ல, நான் ஏறிப் போவேன். உன்ட மாமனாரை நினைச்சாத்தான்..." என்று இழுத்துவிட்டு நல்ல மனிதராகப் பேச்சை நிறுத்தினார்.

ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. உள்ளே ஓடிப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை மூக்கு எப்பேர்ப்பட்ட மூக்குன்னு உங்களுக்குத் தெரியாது. மூணு வீடு தள்ளிக் கருவாடு வறுத்தா குளிக்கப் போயிடும் அது. இதுல ஏறி உக்காந்து, அப்புறம் தெரிஞ்சா, அடுத்த ரயில்லயே அப்பாவ இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றாள். பிறகு ஒன்று சொன்னாள்: "அப்பா திரும்பிப் போனாலும் நான் உங்களோட பேசாம இருக்க மாட்டேன். பேசுவேன். தினமும் பேசுவேன். அதுதான் உங்களுக்குத் தண்டனை."

வேறு வண்டி பிடிக்க ஓடினேன். கோப்பி எடுக்கிற காலம். கண்டியில் இருந்த மாட்டுக் கரத்தை அத்தனையும் வத்தேகமைப் பக்கமும் அதற்கு மேலேயும் மூட்டை ஏற்றப் போயிருந்தன. கடைவீதியில் ஒரு மாடு மட்டும் படுத்திருந்தது, அதற்கும் வண்டி இல்லை. எங்கள் வீடு ஏரிக்கு அப்பால் மேட்டில் இருந்தது. முழங்கால் வலிக்காரரை நடத்திக் கூட்டி வருவதற்கு வழியே இல்லை.

திரும்பி வந்து கழுவினேன். பச்சைத் தண்ணீருக்கு அது அசையவில்லை. வெந்நீர் ஊற்றினேன். அது உருகி, பலகையிலிருந்து வழிந்து, பிரம்பு இருக்கையின் பின்னலுக்குள் இறங்கிக்கொண்டது. வாடை இரண்டு மடங்கானது. சீயக்காய் போட்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். அடுப்புச் சாம்பலை எடுத்த கையைப் பாஸ் முகம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அந்த நிலைமையிலும் வர்ணம் கீறிவிடுமே என்று பயந்தவன் நான். கடைசியில் என் மனைவி சந்தனத்தைக் கரைத்து இருக்கையில் தெளித்தாள், மல்லிகைச் சரத்தைக் கூட்டில் தொங்கவிட்டாள், சாம்பிராணி போட்டு வண்டியைச் சுற்றினாள். குதிரை நாலு தரம் தும்மியது. முடிந்தபோது வண்டியில், கோயிலுக்குள் யாரோ கறிச்சட்டியைத் தாளித்தது போல ஒரு வாசம் இருந்தது.

ரயில் நேரத்துக்கு வந்தது. அன்றைக்கு ஒரு நாளாவது அது தாமதமாக வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். மாமனார் மெலிந்து போயிருந்தார். கோலூன்றி இறங்கினார். பின்னால் அவருடைய அக்கா, வெள்ளைச் சேலை, கையில் தனக்கென்று ஒரு செம்புத் தண்ணீர், மறு கையில் ஓலைப்பெட்டியில் வழிக்குக் கொண்டுவந்த வடை. வழியில் யார் கொடுத்த தண்ணீரையும் தொடாத அம்மா அவர். நான் காலில் விழுந்து எழுந்தேன். மாமனார் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். படியில் கால் வைத்தார். ஒரு நொடி அப்படியே நின்றார். முழங்கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்துக் கை கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தார்.

அக்கா ஏறினதுமே மூக்கைத் தூக்கினார். "என்ன மணம் இது?"

"புது வர்ணம்" என்றேன்.

"சந்தனமும் இருக்கு. வேற என்னமோவும் இருக்கு."

"மல்லிகை" என்றேன். குதிரையை விரட்டினேன். அது நடந்தது.

சந்தைப் பக்கம் திரும்பியதும் முதல் நாய் சேர்ந்தது. சாதாரணத் தெரு நாய், செவலை. வண்டிக்குப் பக்கத்தில் வந்து, முகர்ந்து, ஓடுகிற சக்கரத்தை நக்கப் பார்த்தது. நான் சாட்டையை ஆட்டினேன். இறைச்சிக் கடைகளைத் தாண்டும்போது மூன்று நாய்கள். ஏரிக்கரைக்கு வந்தபோது ஏழோ எட்டோ. எண்ண எனக்குத் தைரியம் இல்லை. வெயில் உச்சியில் இருந்தது. வண்டி மெதுவாக வியர்க்க ஆரம்பித்திருந்தது. ஒரு கறுப்பு நாய் ஏறும் படியில் முன்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு, பின்காலால் நடந்தபடியே படியை நக்கி நக்கி வந்தது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைப் பக்கம் பூத்தட்டோடு நின்றவர்கள் வழிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யானை ஊர்வலம் பார்த்துப் பழகிய ஊர், ஆனால் இப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. ஏரிக்குள் வண்டியோடு இறங்கிவிடலாமா என்று கூட நினைத்தேன்.

"ஏன் இந்த நாய்ங்க எல்லாம் நம்மளையே சுத்துதுங்க?" என்று கேட்டார் அக்கா. குரலில் சந்தேகம் கூடிவிட்டது. குனிந்து படியைப் பார்க்கப் போனார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது மாமனார் ரயிலிலிருந்து இறங்கியபின் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அக்கா, குனியாத. கையெடுத்துக் கும்பிடு. வைரவர் வாகனம்."

"என்ன?"

"பொண்ணுக்கு ஏழாம் மாசம். நாம கௌம்பும்போது வைரவருக்கு வேண்டிக்கிட்டுத்தானே வந்தோம். காவலுக்கு அனுப்பியிருக்காரு. கறுப்பு நாய் படியில ஏறிக் காவல் நிக்கிறதப் பாரு."

அக்கா பார்த்தார். கறுப்பு நாய் கண்ணை மூடி அனுபவித்து நக்கிக்கொண்டிருந்தது. அது பக்தியாகவும் தெரியலாம் என்பது எனக்கே அப்போதுதான் புரிந்தது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொன்னார். வைரவருக்கு வடை உகந்தது அல்லவா, ஓலைப்பெட்டியைத் திறந்து இருந்த வடை எல்லாவற்றையும் நாய்களுக்குப் போட்டார். ஒரு நாயும் வடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் நிற்கிற வண்டியைச் சுற்றி நின்று ஆரக்கால் ஆரக்காலாக நக்கின.

"பாத்தியா தம்பி, வடையக்கூடத் தொடல! சோத்துக்கு அலையிற நாய் இல்ல இதுங்க" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமனார் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊர்வலத்தோடுதான் வீடு வந்து சேர்ந்தோம். என் மனைவி வாசலில் நின்றாள். நாய்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அக்கா இறங்கி ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டு, "உனக்கு ஒரு குறையும் வராதுடி, சாமியே கூட வந்திருக்கு" என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்கு இன்று வரை நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாமனார் மட்டும் வாசலில் நின்றார். படியை மிதிக்கவில்லை. போச்சு என்று நினைத்தேன். "கிணறு எங்க மாப்பிள்ள? குளிச்சிட்டு வாறேன். ரயில் கரி" என்றார். உடம்பில் கரி ஒன்றும் இல்லை.

பின்பக்கம் கூட்டிப் போனேன். அவர் கல்லில் உட்கார்ந்தார். நான் இறைத்து ஊற்றினேன். நாலாவது வாளிக்கு என்னால் தாங்க முடியவில்லை. "மாமா, அந்த வண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"கொழும்புத் துறைமுகத்துல பதினெட்டு வருஷம் பெட்டி இறக்கிக் கணக்குப் பாத்தவன் நான்" என்றார் அவர், கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "அந்தத் திரிப் பெட்டிய மூடியிருக்கும்போதே மோந்து சொல்லுவேன். படியில கால வச்சப்பவே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

உள்ளே என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா நாய்க் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அவ சத்தத்தக் கேட்டு அஞ்சு வருஷம் ஆச்சு மாப்பிள்ள. கொழுப்பு என்ன, மாடே ஏறி உக்காந்திருந்தாலும், கொஞ்சம் நகந்து உக்காருன்னு சொல்லிட்டு வந்திருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு வாளி ஊற்றச் சொன்னார்.